இண்டி ராக் கேட்கத் தொடங்குவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐம்பது வயதைக் கடந்தவன் நான்; இதுவரை திரையிசை மட்டுமே கேட்டு வந்திருக்கிறேன். என் மகன் பொழுதெல்லாம் இண்டி ராக் கேட்கிறான். அவனோடு உட்கார்ந்து கேட்க ஆசை. நீண்ட பட்டியல் வேண்டாம். ஒரேயோர் ஆல்பத்தின் பெயரைச் சொல்லுங்கள்.
– வாசகர், கும்பகோணம்

இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் போகும் வழியைத் தனியே பிரித்துக் கேட்கும் பழக்கம் உங்களுக்கு இருக்குமானால், பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. இண்டி என்பது ‘இண்டிபெண்டன்ட்’ என்பதன் சுருக்கம்; பெரிய இசை நிறுவனங்களுக்கு வெளியே தொடங்கிய ராக் இசை இது. யங் மார்பிள் ஜயண்ட்ஸ் என்ற குழுவின் ‘கலாசல் யூத்’ ஆல்பத்தைக் கேளுங்கள். வேல்ஸின் கார்டிஃப் நகரத்தைச் சேர்ந்த மூவர் சேர்ந்து உருவாக்கிய இந்த ஆல்பத்தை, லண்டனின் ரஃப் டிரேட் நிறுவனம் 1980இல் வெளியிட்டது. அலிசன் ஸ்டேட்டன் பாடுகிறார். ஸ்டூவர்ட் மாக்ஸம் கிட்டாரும் ஆர்கனும் வாசிக்க, அவருடைய சகோதரர் பிலிப் பேஸ் வாசிக்கிறார். டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடையாது. டேப்பில் பதிந்துவைத்த தாள இயந்திரத்தின் மெல்லிய தட்டல் மட்டும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். கிட்டாரின் தந்திகளை உள்ளங்கையால் அடக்கி வாசிப்பதால் அது தாளக் கருவியைப் போல ஒலிக்க, மெட்டைச் சுமக்கும் பொறுப்பு பெரும்பாலும் பேஸுக்கு வந்துவிடுகிறது. ஸ்டேட்டனின் குரலில் கமகமோ அசைவோ ஆர்ப்பாட்டமோ இல்லை. பாத்திரம் துலக்கியபடி தனக்குள் பாடிக்கொள்பவரின் குரல் அது. முதல் இரண்டு பாடல்களில் ‘இன்னும் ஏதாவது வரும்’ என்று காத்திருப்பீர்கள். மூன்றாவது பாடலுக்குள் அந்தக் காத்திருப்பு நின்றுவிட்டால் இந்த இசை உங்களுக்கானதுதான்.

முழு நீளத்தில் அவர்கள் வெளியிட்ட ஸ்டூடியோ ஆல்பம் இது ஒன்றுதான் என்பதால், பட்டியல் நீண்டுவிடுமோ என்ற கவலையும் உங்களுக்கு வேண்டாம். பிடித்திருந்தால், அடுத்து ஜாய் டிவிஷன் குழுவின் ‘அன்நோன் பிளஷர்ஸ்’ (1979) ஆல்பத்துக்குப் போங்கள். அதில் பீட்டர் ஹுக், பேஸ் கிட்டாரின் மேல் ஸ்தாயியில் மெட்டு வாசிப்பதைக் கேட்கலாம். கருப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள் மலைத்தொடர்போல எழுந்து நிற்கும் அதன் அட்டைப்படம், ஒரு பல்சர் விண்மீனிலிருந்து வந்த ரேடியோ அலைகளின் வரைபடம். அது உங்கள் மகனின் டி-ஷர்ட்டில் ஏற்கெனவே இருந்தாலும் வியப்பதற்கில்லை.

பாட்டுக் கேட்கும் செயலி சுற்றிச் சுற்றி அதே பத்துக் குழுக்களைத்தான் பரிந்துரைக்கிறது. ‘மிகச் சிறந்த நூறு ஆல்பங்கள்’ என்ற பட்டியல்களும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவைபோல இருக்கின்றன. புதிய குழுக்களை நாமே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?
– வாசகர், கோயம்புத்தூர்

நீங்கள் கேட்ட பாடல்களை வேறு யார் யார் கேட்டார்கள், அவர்கள் அடுத்து எதைக் கேட்டார்கள் என்று கணக்கிட்டே செயலி அடுத்த பாடலை எடுத்துவைக்கிறது. ஆகவே அது எப்போதும் கூட்டம் இருக்கும் பக்கமே உங்களைத் திருப்பிவிடும். பிபிசி வானொலியில் 1967 முதல் 2004இல் இறக்கும்வரை ஜான் பீல் நடத்திய நிகழ்ச்சி இதற்கு நேர் எதிரானது. யாரும் அறியாத குழுக்கள் அஞ்சலில் அனுப்பிய ஒலிநாடாக்களை எல்லாம் கேட்டுப் பார்த்து, தமக்குப் பிடித்தவற்றை அவர் ஒலிபரப்பினார். அப்படியொருவர் இல்லாதபோது நமக்கு உதவுவது ஆல்பத்தின் பின்னட்டைதான். வெளியிட்டது யார், ஒலிப்பதிவு செய்தது யார், எந்த ஊரில் பதிவாயிற்று, புகைப்படம் யாருடையது ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டால் அடுத்த ஆறு மாதங்களுக்குக் கேட்க வேண்டியது கிடைத்துவிடும்.

ஒலிப்பதிவாளரின் வழியே போவதற்குச் சிகாகோவின் ஸ்டீவ் அல்பினியைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. பிக்ஸீஸ் குழுவின் ‘சர்ஃபர் ரோசா’ (1988), பிரீடர்ஸ் குழுவின் ‘பாட்’ (1990), பி. ஜே. ஹார்வியின் ‘ரிட் ஆஃப் மீ’ (1993) ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மூன்றும் வெவ்வேறு குணமுடைய குழுக்கள். ஆனால் டிரம்ஸ் ஒலிக்கும்போது அந்த அறையின் அளவே நமக்குக் கேட்பதுபோலத் தோன்றுவது மூன்றிலும் பொதுவாக இருக்கும். மைக்கை எங்கே வைப்பது என்பதில் அத்தனை அக்கறை கொண்டிருந்த அல்பினி, 2024 மே மாதம் இறக்கும்வரை, ‘தயாரிப்பாளர்’ என்று தம்மைக் குறிப்பிடுவதை விரும்பவில்லை. வேலைக்கு ஒரு தொகையை வாங்கிக்கொண்டாரே தவிர, விற்பனையில் ராயல்டி வாங்க மறுத்தார். அதனால் சில அட்டைகளில் அவருடைய பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

புகைப்படக்காரரின் வழியும் சில நேரங்களில் நம்மை வெகுதூரம் அழைத்துச் செல்லும். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்து இளைஞர்கள் நால்வர் ஸ்லின்ட் என்ற பெயரில் 1991இல் வெளியிட்ட ‘ஸ்பைடர்லேண்ட்’ ஆல்பத்தின் அட்டையில், கல்லெடுத்த குட்டை ஒன்றின் நீரில் நால்வரின் தலைகள் மட்டும் தெரியும். ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே குழு கலைந்திருந்தது. பெரும்பாலும் பேச்சாகவே தாழ்ந்து ஒலிக்கும் குரல் திடீரென்று அலறலாக வெடிக்கும் அந்த ஆறு பாடல்களை முதல் முறை கேட்கும்போது பிடிபடாமல் போகலாம். இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். அந்தப் புகைப்படத்தை எடுத்தவர் வில் ஓல்டம். அவரே பின்னாளில் ‘போனி பிரின்ஸ் பில்லி’ என்ற புனைபெயரில் பாடத் தொடங்கி, 1999இல் ‘ஐ ஸீ எ டார்க்னெஸ்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். அமெரிக்க நாட்டுப்புறப் பாடலின் சாயலில், சாவையும் நட்பையும் பற்றிய பாடல்கள் அதில் உள்ளன. எந்தக் கணக்கீடும் ‘ஸ்பைடர்லேண்ட்’ கேட்டவரை இவ்வளவு நேராக அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்காது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு விருப்பமானது ஊரைப் பிடித்துக்கொண்டு போகும் வழி. நியூசிலாந்தின் தெற்குத் தீவில் இருக்கும் டனீடின், ஒரு பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த குளிர்ந்த நகரம். லண்டனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் அதைவிடத் தொலைவில் ஓர் ஊர் இருக்க முடியுமா என்பதே சந்தேகம். 1981இல் கிரைஸ்ட்சர்ச்சின் இசைத்தட்டுக் கடை ஒன்றில் வேலை பார்த்த ரோஜர் ஷெப்பர்ட், தமக்குப் பிடித்த உள்ளூர்க் குழுக்களின் இசையை வேறு யாரும் பதிவு செய்ய மாட்டார்கள் என்று கண்டு, ஃப்ளையிங் நன் என்ற லேபிளை, அதாவது இசை வெளியீட்டு நிறுவனத்தை, தொடங்கினார். டனீடினின் தி கிளீன் குழு, சில பத்து டாலர்கள் செலவில் பதிவு செய்த ‘டாலி ஹோ’ என்ற பாடலை அவர் வெளியிட, அது நாட்டின் விற்பனைப் பட்டியலின் முதல் இருபதுக்குள் நுழைந்துவிட்டது. பெரிய நிறுவனங்களின் துணையில்லாமல் இது நடக்கும் என்று அதுவரை அங்கே யாரும் எண்ணியிருக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் சுவையானது. கிறிஸ் நாக்ஸ் என்ற இசைக்கலைஞரும் அவருடைய நண்பர் டக் ஹூடும் ஒரு நான்கு தடப் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய் இந்தக் குழுக்களைப் பதிவு செய்தார்கள். அப்படிப் பதிவான ‘டனீடின் டபுள்’ (1982) என்ற இரட்டைத் தட்டில் பக்கத்துக்கு ஒரு குழுவாக, தி சில்ஸ், தி வெர்லேன்ஸ், ஸ்னீக்கி ஃபீலிங்ஸ், தி ஸ்டோன்ஸ் என்று நான்கு குழுக்கள் இடம்பெற்றன. மணியோசைபோலக் கலகலக்கும் கிட்டார்களும் அவற்றுக்கு அடியில் விலகாத ஒரு துயரமும் சேர்ந்த இந்த இசைக்கு, பிற்காலத்தில் ஊரின் பெயரே அடையாளமாயிற்று.

எங்கே தொடங்குவது என்றால், தி சில்ஸ் குழுவின் தொடக்ககாலப் பாடல்களைத் தொகுத்து 1986இல் வந்த ‘கலைடாஸ்கோப் வேர்ல்ட்’ ஆல்பத்தில் தொடங்குங்கள். அதிலுள்ள ‘பிங்க் ஃபிராஸ்ட்’ என்ற பாடலில் டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் புல், அது 1984இல் வெளிவருவதற்கு முன்பே ரத்தப் புற்றுநோயால் இறந்துவிட்டார். அந்தச் செய்தி தெரியாமல் கேட்டாலும் பாடலில் ஒரு குளிர் இருக்கத்தான் செய்கிறது. குழுவின் தலைவர் மார்ட்டின் ஃபிலிப்ஸ் 2024இல் காலமானார். அடுத்து, தி கிளீன் குழுவின் பேஸ் வாசிப்பாளர் ராபர்ட் ஸ்காட் தொடங்கிய தி பேட்ஸ் குழுவின் ‘டாடிஸ் ஹைவே’ (1987). அதன் பிறகு ‘ஆந்தாலஜி’ என்ற பெயரில் வந்த தி கிளீன் குழுவின் தொகுப்பு.

அந்தத் தொகுப்பை அமெரிக்காவில் வெளியிட்டது வட கரோலினாவின் மெர்ஜ் ரெக்கார்ட்ஸ் என்று பின்னட்டையில் பார்ப்பீர்கள். சூப்பர்சங்க் குழுவைச் சேர்ந்த மேக் மெக்காவனும் லாரா பாலன்ஸும் 1989இல் தொடங்கிய லேபிள் அது. நியூட்ரல் மில்க் ஹோட்டல், மேக்னெட்டிக் ஃபீல்ட்ஸ், ஆர்க்கேட் ஃபயர் என்று அங்கிருந்து இன்னொரு சாலை தொடங்குகிறது. டனீடினில் தொடங்கியவர் தாமாகவே வட கரோலினா போய்ச் சேர்ந்துவிடுவார்.

நிர்வாணா இண்டி குழுவா, இல்லையா? எங்கள் விடுதி அறையில் இது தீராத சண்டை.
– இரு மாணவர்கள், திருச்சி

எந்த ஆண்டைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். 1989இல் வந்த ‘பிளீச்’, சியாட்டிலின் சப் பாப் என்ற சிறிய லேபிளின் வெளியீடு. பதிவுச் செலவு 600 டாலர் என்று அதன் அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். 1991இல் வந்த ‘நெவர்மைண்ட்’, கெஃபன் என்ற பெரிய நிறுவனத்தின் வெளியீடு. ஆகவே உங்களில் ஒருவர் 1989இலும் மற்றவர் 1991இலும் நின்றுகொண்டு சண்டையிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பிரிட்டனில் 1980 ஜனவரியில் இண்டி விற்பனைப் பட்டியல் தொடங்கியபோது, இசை எப்படி ஒலிக்கிறது என்பது அதற்கான தகுதியாக இருக்கவில்லை; பெரிய நிறுவனங்களின் வலையமைப்புக்கு வெளியே கடைகளுக்கு விநியோகிக்கப்பட்ட தட்டா என்று மட்டுமே பார்த்தார்கள். அதன் விளைவாக, பளபளப்பான நடனப் பாடல்களைப் பாடிய கைலி மினோக்கே 1988இல் இண்டி பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருந்தார். அமெரிக்காவில் ஆர்.இ.எம்., ஹஸ்கர் டூ, சானிக் யூத் எனப் பல குழுக்களும் எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் பெரிய நிறுவனங்களுக்குப் போயின. அவர்களுடைய கிட்டார் ஒலி அதனால் ஒரே நாளில் மாறிவிடவில்லை. கேட்பவருக்கு இந்த வரையறையால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. ஆனால் விடுதி அறைச் சண்டைக்கு அது பயன்படுமென்றால் நான் குறுக்கே நிற்கவில்லை.

நீங்கள் பரிந்துரைக்கும் குழுக்களில் பலரும் சுதி விலகிப் பாடுகிறார்கள். ஒலிப்பதிவோ குளியலறைக்குள் நடந்ததுபோல இருக்கிறது. கர்நாடக இசை பயின்ற என்னால் இதைத் தாங்க முடியவில்லை. இதைக் கலை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?
– வாசகி, மயிலாப்பூர்

உங்கள் காது சொல்வது உண்மை. அவர்களில் சிலர் சுதி விலகித்தான் பாடுகிறார்கள். அதை மறைத்து உங்களிடம் வாதாடப் போவதில்லை. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரத்தில் நான்காம் வகுப்பு ஆசிரியராக இருந்த ராபர்ட் பொல்லார்ட், பள்ளி நேரம் போக மற்ற நேரங்களில் நண்பர்களின் வீட்டு நிலவறைகளிலும் கார் கொட்டகைகளிலும் உட்கார்ந்து கைடட் பை வாய்சஸ் என்ற குழுவுக்காகப் பாடல்களை எழுதிக் குவித்தார். 1994இல் வந்த ‘பீ தவுசண்ட்’ ஆல்பத்தில் இருபது பாடல்கள் உண்டு. மொத்தமும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதல் பாடலின் நடுவே கிட்டார் சட்டென்று காணாமல் போய்த் திரும்பி வரும். பதிவில் நேர்ந்த அந்தப் பிழையை அவர்கள் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். பணமும் நேரமும் இல்லாதவர்கள், ஒரு நல்ல மெட்டு தோன்றிய நிமிடத்திலேயே அதைப் பிடித்துவைத்த இசை இது. நான்கு தட கேசட் கருவியின் இரைச்சலை விலக்கிக் கேட்டால் உள்ளே இருக்கும் மெட்டுகள் கச்சிதமானவை.

மை பிளடி வேலன்டைன் குழுவின் ‘லவ்லெஸ்’ (1991) வேறு வகை. அங்கே குரல் கேட்காமல் போவதற்கு ஏழ்மை காரணமே இல்லை. குழுவின் கிட்டார் கலைஞர் கெவின் ஷீல்ட்ஸ் ஈராண்டுகள் ஸ்டூடியோ மாற்றி ஸ்டூடியோவாக அலைந்து, கிட்டாரின் அதிர்வுக் கம்பியை அசைத்தபடியே வாசித்து, சுரங்கள் ஓரிடத்தில் நில்லாமல் அலையும்படி செய்து, அந்த அலைக்குள் குரலையும் இன்னொரு வாத்தியம்போல வேண்டுமென்றே அமிழ்த்திவைத்தார். சுரத்தின் அசைவை நுணுகிக் கேட்கப் பயின்றவர் என்பதால் இந்த ஆல்பம் உங்களுக்குப் பிடிக்க வாய்ப்பு இருக்கிறது. ‘பீ தவுசண்ட்’ பிடிக்காது என்றே நினைக்கிறேன். பிடிக்காததைக் கட்டாயப்படுத்திக் கேட்க வேண்டியதில்லை.

பெண்கள் நடத்திய இண்டி ராக் குழுக்களில் இரண்டைச் சொல்லுங்கள். பாடகி மட்டும் பெண்ணாகவும் மற்ற எல்லாரும் ஆண்களாகவும் இருப்பவை வேண்டாம்.
– வாசகி, யாழ்ப்பாணம்

முதலாவது, லண்டனின் தி ரெயின்கோட்ஸ் குழு; 1979இல் ரஃப் டிரேட் வெளியிட்ட அவர்களுடைய முதல் ஆல்பத்தைக் கேளுங்கள். போர்ச்சுகலின் மதேரா தீவிலிருந்து வந்த அனா ட சில்வாவும் ஜினா பெர்ச்சும் தொடங்கிய குழு இது. விக்கி ஆஸ்பினாலின் வயலின் இதில் இனிமைக்காகச் சேர்த்த அலங்காரமாக இல்லாமல், கிட்டாரோடு உரசிக்கொண்டு சண்டையிடும். தேய்ந்துபோன தமது பிரதிக்கு மாற்றாக ஒன்றைத் தேடி நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் லண்டன் இசைத்தட்டுக் கடைக்குப் போன கதை பலரும் அறிந்தது. 1993இல் ஆல்பம் மறுபதிப்பானபோது அட்டைக் குறிப்பை எழுதியவரும் அவரே.

இரண்டாவது, ஸ்லீட்டர்–கின்னி குழுவின் ‘டிக் மீ அவுட்’ (1997). மூவரும் பெண்கள், இரண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ், பேஸ் கிடையாது. கோரின் டக்கரின் குரல் தீயணைப்பு வண்டியின் சங்கைவிட உரக்க எழும் என்பதால், ஒலியளவைக் குறைத்துவைத்துத் தொடங்குங்கள்.

இந்தக் குழுக்களுக்கு நம் பணம் உண்மையில் போய்ச் சேர வேண்டுமானால் என்ன செய்வது? இசைத்தட்டு வாங்கத்தான் வேண்டுமா? அதை ஓட்டும் கருவி என்னிடம் இல்லை.
– வாசகர், பெங்களூரு

வேண்டியதில்லை. குழுக்களும் சிறு லேபிள்களும் தாமே கடை வைத்திருக்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஆல்பத்தைக் கோப்பாக வாங்கலாம். டிஜிட்டல் விற்பனையில் அந்தத் தளம் பொதுவாக 15 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும். கட்டணச் செலவு போக மீதி குழுவுக்கோ லேபிளுக்கோ போகும். 2020 மார்ச்சில் தொடங்கிய வழக்கப்படி, குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் தளம் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. மேலே சொன்ன பழைய ஆல்பங்கள் எல்லாம் அங்கே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இன்று பாடிக்கொண்டிருக்கும் சிறிய குழுக்களுக்குத்தான் அது மிகவும் ஏற்றது.

நண்பர்களுக்கு எத்தனை ஆல்பங்களைப் பரிந்துரைத்தாலும் ‘அப்புறம் கேட்கிறேன்’ என்று சொல்லிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அவர்களைக் கேட்க வைப்பது எப்படி?
– வாசகர், சேலம்

‘எத்தனை ஆல்பங்கள்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பத்துப் பெயர்களை அனுப்பினால் ஒன்றையும் கேட்க மாட்டார்கள். ஒருவருக்கு ஒரு பாடல் போதும். அதுவும் உங்களுக்குப் பிடித்ததாக இருப்பதைவிட அவருடைய ரசனைக்கு ஒட்டியதாக இருக்க வேண்டும்.

மெட்டு இனிமையாக இருக்க வேண்டும் என்பவருக்கு, பிரிஸ்பேனில் உருவான தி கோ-பிட்வீன்ஸ் குழுவின் ‘16 லவர்ஸ் லேன்’ (1988) ஆல்பத்திலிருந்து ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் யுவர் டவுன்’ பாடலை அனுப்புங்கள். சொந்த ஊரைச் சுற்றிக் காட்டும் உற்சாகமான பாட்டுபோலத் தொடங்கும் அதன் வரிகளைக் கூர்ந்து கேட்டால் ஊரின் இருட்டும் தெரியும். அதை நீங்கள் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். கவிதை படிப்பவருக்கு, ஸ்டீஃபின் மெரிட் எழுதி, மேக்னெட்டிக் ஃபீல்ட்ஸ் 1999இல் மூன்று தட்டுகளாக வெளியிட்ட ‘69 லவ் சாங்ஸ்’ ஆல்பத்திலிருந்து ஒரு பாடல். தலைப்பிலுள்ள எண்ணைச் சொன்னால் பயந்துவிடுவார் என்பதால் ஆல்பத்தின் பெயரை மட்டும் பிறகு சொல்லுங்கள். இரவுப் பேருந்தில் அடிக்கடி ஊருக்குப் போகிறவருக்கு, கேலக்ஸி 500 குழுவின் ‘ஆன் ஃபயர்’ (1989). சத்தமும் மென்மையும் ஒரே குழுவில் வேண்டும் என்பவருக்கு, நியூஜெர்சியின் யோ லா டெங்கோ 1997இல் வெளியிட்ட ‘ஐ கேன் ஹியர் தி ஹார்ட் பீட்டிங் ஆஸ் ஒன்’. கணவன் மனைவியான ஐரா கப்லானும் ஜார்ஜியா ஹப்லியும் ஜேம்ஸ் மெக்நியூவோடு சேர்ந்து உருவாக்கிய அந்த ஆல்பத்தில், பத்து நிமிட இரைச்சலும் தாலாட்டுபோன்ற பாடலும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளாமல் இருக்கும்.

அனுப்பிய பிறகு ‘கேட்டாயா, கேட்டாயா’ என்று நச்சரிக்காதீர்கள். கேட்டுவிட்டு ‘வேறு என்ன இருக்கிறது’ என்று அவரே வந்தால் அடுத்த பாடலை நீங்கள் தேர்ந்தெடுக்காமல், முதல் பாடலின் பின்னட்டைப் படத்தை அனுப்பிவிடுங்கள்.